ஓர் எழுத்து கூடிப்போன கருத்துக்கணிப்பு

சுங்கை பினாங், ஜார்ஜ்டவுன்,
ஆகஸ்டு 1999

பேரன்புமிக்க அக்கா கனகேஸ்வரி அவர்களுக்கு,

தம்பி தியாகராஜா தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் இருந்து வருகிறோம். அங்கே சிரம்பானில் நீங்களும் அத்தானும், அத்தானுடைய சர்க்கரையும் அவரவர் அளவில் இருக்க முருகப்பெருமான் அருள் புரிவாராக.

நிற்க. நேற்று போனில் நீங்கள், "அறுபது தாண்டி பொண்ணு தேடுறியாமே, அதுவும் கம்ப்யூட்டர்ல விளம்பரம் போட்டு! இனிமே எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்ப அடித்தால் அத்தான் எடுத்து, நீங்கள் குளிப்பதாகச் சொன்னார். மறுபடி அடித்தபோதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அக்கா, எனக்கு வள்ளிநாயகியைப் பார்த்துக் கட்டிவைத்தவர் நீங்கள். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு சட்டைத்துணி எடுப்பதென்றால் உங்களிடம் நிறம் கேட்டுத்தான் எடுத்து வருகிறேன். அப்படிப்பட்டவன் உங்களுக்குத் தெரியாமல் பெண் தேடுவேனா? நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பிறகு குளிக்கவும்.

இன்டர்நெட்டில் எனக்கு இலவசமாக ஒரு பக்கம் இருப்பதும், இந்த ஊரில் எங்கே என்ன சாப்பிட்டேன் என்று அதில் வாராவாரம் எழுதி வருவதும் தாங்கள் அறிந்ததே. அந்தப் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் ஒரு எண் உண்டு. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. யார் இவர்கள்? எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என் ரொட்டி சானாயைப் படிக்கிறார்கள்? ஆணா, பெண்ணா, பல் இருக்கிறவர்களா? இந்த யோசனை வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஷேக் அலாவுதீன் சாப்பாட்டுக் கடை இருக்கிறதே, அதற்கு மேல்மாடியில் அவர் மகள் நோர்மா சைபர் கபே நடத்துகிறாள். அவளிடம் போய்க் கேட்டேன்.

"அங்கிள், அந்த நம்பர நம்பாதீங்க லா. நீங்க உங்க பக்கத்த தொறந்து பாத்தாலும் அது ஏறும்" என்றாள். "ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தொறந்து பாக்குறீங்க?"

நான் சட்டென்று பேச்சை மாற்றினேன். படிக்கிறவர்களிடமே கேட்டுவிட வழி இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம். ஒரு வெப்சைட்டில் போய்ப் பேரைக் கொடுத்து, நம் கேள்விகளை அடித்தால், அது ஒரு கத்தை இங்கிலீஷ் எழுத்தைத் தரும். அதை அப்படியே எடுத்து நம் பக்கத்தில் ஒட்டிவிட்டால் கருத்துக்கணிப்புப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் இலவசம். "ஆனா ஃப்ரீயா குடுக்கிறவன் சும்மா இருக்க மாட்டான் அங்கிள், பாத்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேறு கஸ்டமரைக் கவனிக்கப் போய்விட்டாள்.

நான் தனியாக உட்கார்ந்தேன். என்ன தொழில் என்று கேட்டது. ரிட்டையர் ஆனவனுக்கு அதில் இடமே இல்லை, அதனால் 'மாணவர்' என்று போட்டேன். முதலில் அந்தக் கத்தையைத் தவறான இடத்தில் ஒட்டிவிட, நாசி கண்டார் சாப்பாட்டைப் பற்றிய என் கட்டுரை மொத்தமாக மறைந்துபோய், அந்த இடத்தில் உடம்பு இளைக்க மாத்திரை விற்கும் ஒரு வெள்ளைக்காரி கண்ணைச் சிமிட்டினாள். அது இலவசத்துக்கான விளம்பரமாம். எப்படியோ அவளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கேள்வி எழுதினேன். பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். முதல் கேள்வி, 'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' அதாவது என் பக்கத்தில் எந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பிடிக்கும் என்று அர்த்தம். கடைசியில் கண்ணாடியைத் துடைக்கக் கை எடுத்தபோது ஒரு எழுத்து கூட விழுந்திருக்கிறது அக்கா. ஒரே ஒரு எழுத்து. 'பிடிக்கும்' என்பது 'பிடிக்குமா' ஆகிவிட்டது. 'உங்களுக்கு என்ன பிடிக்குமா?' நாம பேசும்போது 'என்னை'ன்னா சொல்றோம், 'என்ன'ன்னுதானே சொல்றோம்? அதற்குக் கீழே பதில்களை மாற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. பெட்டி தானாகவே இங்கிலீஷில் வைத்திருந்த மூன்று பதில்கள் அப்படியே நின்றன. தமிழில் சொன்னால்: ரொம்ப, கொஞ்சம், இல்லவே இல்லை.

இரண்டாவது கேள்வி, 'தனியாகப் படிக்கிறீர்களா, குடும்பமாகப் படிக்கிறீர்களா' என்பது. இலவசக்காரனுக்கு அவ்வளவு நீளம் தாங்காதாம். வெட்டி வெட்டி, 'தனியா, குடும்பமா?' என்று மட்டும் விட்டிருக்கிறான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. பொண்டாட்டிய இழந்த ஒரு மனுஷன் ஊர் ஒலகத்தப் பாத்து, 'என்னப் பிடிக்குமா, நீங்க தனியா இருக்கீங்களா'ன்னு கேட்டா, ஜனங்க என்னன்னு நெனைக்கும்?

எனக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் போய்ப் பாத்தா 'ரொம்ப'ங்கிற கோடு நீளமா நிக்குது. ஆகா, எல்லாச் சாப்பாடும் பிடிச்சிருக்குபோலன்னு சந்தோஷப்பட்டேன். 'இல்லவே இல்லை'யும் கொஞ்சம் இருந்துச்சு. அது அலாவுதீன். அவரே ஒத்துக்கிட்டாரு: "என் கொழம்பு தண்ணியா இருக்குன்னு எழுதினீங்கல்ல அண்ணே, அதான் குத்தினேன்." கருத்து எழுதுற எடத்துலதான் கூத்து. டொரொண்டோவுலேர்ந்து ஒருத்தர், 'ஐயாவின் நட்சத்திரம் என்ன?'ன்னு கேட்டிருக்காரு. கிள்ளான்ல ஒருத்தர் தன் அக்காவோட உயரம், நெறம், வேலை எல்லாம் எழுதி, 'சமையல் நன்றாகச் செய்வார், உங்களுக்குப் பொருத்தம்'ங்கிறாரு. ஒரு அம்மா எனக்குப் புத்தி சொல்லி, சிவபுராணம் படிக்கச் சொல்லியிருந்தாங்க. சாப்பாட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு நான் மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான், கோயில் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜா பூசை முடிஞ்சதும் என்னத் தூணுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, "நல்ல காரியந்தான், தப்பில்ல. அக்காவுக்குத் தெரியுமா?"ன்னாரு. நான் கருத்துக்கணிப்பத்தான் கேக்குறாருன்னு, "சொன்னா அவங்களுக்குப் புரியாது"ன்னுட்டேன். அவரு அத ஒரு மாசம் மனசுக்குள்ளயே வச்சிருந்து, நேத்து உங்களுக்குப் போன் போட்டுட்டாரு.

நோர்மாதான் அதப் படிச்சுப் பாத்துட்டு, நாற்காலியிலேர்ந்து எறங்கிக் கீழ உக்காந்து சிரிச்சா. சிரிச்சு முடிச்சு அந்தப் பெட்டிய எடுத்துவிட்டா. இப்போது என் பக்கம் சுத்தமாக இருக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மறைத்தால் அதையும் ஸ்ரீஸ்கந்தராஜா சொல்லிவிடுவார். பெட்டியை எடுத்த அன்று கடைசியாக வந்திருந்த பதில் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் புஷ்பவள்ளி என்று ஒருவர். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'நீங்கள் கேட்க நினைத்தது என்ன பிடிக்கும் என்றுதானே? ஓர் எழுத்து கூடிவிட்டது. எனக்கு உங்கள் ஆப்பக் கட்டுரை பிடிக்கும். மீன் தலைக் கறி பற்றி எழுதியது முழுத் தவறு. அதோடு, எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள், எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் எழுதுவதே இல்லையே, ஏன்?' என்று எழுதியிருந்தார். எதிரில் யாரும் இல்லை என்று பதில் எழுத எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் என் மீன் தலைக் கறியில் என்ன தவறு என்று தெரிந்தாக வேண்டுமே. ஃபெரி ஏறி வந்தால் நேரிலேயே நிரூபிக்கலாம் என்றேன், வந்துவிட்டார். அலாவுதீன் கடையில் மத்தியானம் பூரா வாதாடினோம். புளி விஷயத்தில் அவர் சொன்னதே சரி. பேச்சோடு பேச்சாக, "ரெண்டாவது கேள்விக்கு நீங்க பதிலே போடலியே?" என்றேன். "தனியாத்தான் சாப்பிடுறது" என்றார். "இன்னிக்கு இல்ல." அதன் பிறகு ஏனோ எனக்குக் கறி இறங்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து என் கட்டுரைகளில் பிழை திருத்தித் தருகிறார். பிழை திருத்தம் மட்டுமே. இதில் வேறு ஒன்றும் கிடையாது.

ஆகவே நீங்கள் பதறிக்கொண்டு ரயில் ஏற வேண்டாம். கிள்ளான்காரர் உங்களுக்கு ஜாதகம் ஏதும் அனுப்பினால் பதில் போட வேண்டாம். எனக்கு இந்த வயதில் கல்யாணமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அத்தானுக்கு என் அன்பு. தங்கள் கோபம் தணிந்து, பழையபடி என்னை டேய் என்று கூப்பிடும் நாளை எதிர்பார்த்து,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தியாகராஜா

பின்குறிப்பு: இதை இன்றைக்குப் புஷ்பவள்ளியிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார். பிறகு, "இல்லைங்கிற ஒரு விஷயத்துக்கு யாராச்சும் இவ்வளவு பக்கம் எழுதுவாங்களா?" என்றார். "இருக்குன்னு எழுதுறதா இருந்தா?" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அத நீங்க எழுதப்படாது. உங்க அக்கா வந்து கேக்கணும், அதான் முறை" என்றார். ஆகவே அக்கா, கடிதம் கண்டதும் அத்தானை அழைத்துக்கொண்டு ரயில் ஏறவும். என் வீட்டுக்கு வர வேண்டாம், ஃபெரியும் எடுக்க வேண்டாம். பட்டர்வொர்த்திலேயே இறங்கி நிற்கவும். அவர் வீடு அந்தக் கரையில்தான்.