ஸ்பேர் பெஞ்சின் தாசில்தார்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தாசில்தாரைப் போல வரிசையை மதித்த மனிதர் அப்போதைய சேலம் ஜில்லாவிலேயே கிடையாது. எறும்புகள் அவரிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் ஊர்ந்தன என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன்.

நிஜத் தாசில்தார் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அவர் பஸ் இல்லாத பஸ் டிரைவர். கம்பெனி பாஷையில் ஸ்பேர். வண்டிக்கு உரிய டிரைவர் வராமல் போனால் அன்றைக்கு மட்டும் ஸ்பேர் ஓட்டலாம். வந்துவிட்டால், டைம் ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, தான் ஓட்டாத வண்டிகளுக்கு வழியனுப்பு விழா நடத்தலாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெஞ்சில் நாங்கள் நாலு பேர். ஆபீஸ் பக்கத்து முனையில் முதல் ஸ்பேர் தாசில்தார், அடுத்தது நான், எனக்கு அப்பால் இன்னும் இரண்டு பாவப்பட்ட ஜன்மங்கள்.

பெஞ்சுக்கு ஒரே ஒரு சட்டம். கூப்பிடும்போது ஆள் பெஞ்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டைம் ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் அவன் பேரை அடித்துக் கடைசியில் எழுதுவார். எங்கே போனாய், எதற்குப் போனாய் என்ற கேள்வியே கிடையாது. இதற்குப் பயந்து தாசில்தார் காலை நாலரை மணியிலிருந்து பத்து மணிவரை தொண்டையில் சொட்டுத் தண்ணீர் விடமாட்டார்.

"தண்ணி குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிச்சா பேர் போயிடும். எதுக்கு வம்பு?" என்பார்.

யார் எந்த நாள், எந்த மணிக்குக் கம்பெனியில் சேர்ந்தார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ரெக்கார்டுக்காக வந்த பட்டம்தான் தாசில்தார். தேதிகளைத் தெலுங்கில் எண்ணுவார், கோபத்தைக் கன்னடத்தில் காட்டுவார், டியூட்டியைத் தமிழில் கேட்பார். மூன்று பாஷையிலும் டியூட்டி கிடைக்கவில்லை.

பெஞ்சுக்கு வெளியேயும் அவருக்கு உலகம் ஒரு ரிஜிஸ்டர்தான். கல்யாணப் பந்தியில் தனக்கு முன்னால் பந்தலுக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தபிறகுதான் உட்காருவார். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். அவர் குடியிருந்த மத்திகிரியில் பக்கத்து வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டபோது, விடிவதற்குள் போய், "மொதல்ல எறங்கினது எது?" என்று விசாரித்துவிட்டு வந்த மனிதர்.

கிருஷ்ணகிரி லைன் பெர்மனென்ட் டிரைவர் சவரிமுத்து மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர். அவரையும் விடவில்லை.

"ஏம்ப்பா சவரி, உங்க வேதத்துல சாமி மொதல்ல எதைப் படைச்சாரு?"

"வானம், பூமி, மரம், மிருகம்..."

"மனுசன்?"

"கடைசியா."

"அப்ப கழுதை உனக்கு சீனியர். ரோட்ல எதிர வந்தா ஒதுங்கிக் குடு."

சவரிமுத்து சளைத்தவர் இல்லை. "அதான் தினமும் இந்தப் பெஞ்சாண்ட வந்து கும்பிட்டுட்டுப் போறேன்" என்றார்.

அவர் கும்பிட்டாரோ இல்லையோ, எங்களை வதைத்தார். பெர்மனென்ட் டிரைவர்களின் ஆரோக்கியம்தான் எங்கள் பட்டினி என்பது அவருக்குத் தெரியும். காலையில் பெஞ்சுக்கு நேரே வந்து நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார். நாலு பேரும் நிமிர்ந்து உட்காருவோம். தாசில்தார் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்வார். "ஒண்ணுமில்ல, தொண்டையில கொசு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு சவரிமுத்து வண்டியில் ஏறிப் போய்விடுவார். நாங்கள் மறுபடி கூன் போடுவோம். இப்படி எத்தனை காலை.

தாசில்தார் ஒருகாலத்தில் பெர்மனென்ட் ஆக இருந்தவர் என்பதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் முதலாளி கிருஷ்ணகிரியில் மூன்று பஸ் வைத்திருந்த ஒரு சின்னக் கம்பெனியை வாங்கினார். வண்டியோடு ஏழு டிரைவர்களும் வந்தார்கள். அவர்களுடைய பழைய சர்வீஸும் சேர்த்து எண்ணப்படும் என்று ஆர்டர் போட்டார்கள். ஒரே காலையில் தாசில்தாருக்கு ஏழு அண்ணன்கள் பிறந்துவிட்டார்கள். லைனில் இருந்தவர் பெஞ்சுக்கு இறங்கினார். வேறு யாராவது இருந்தால் முதலாளி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பான். இவர் அந்த ஏழு பேரையும் அவர்கள் சேர்ந்த தேதியோடு மனப்பாடம் செய்துகொண்டார்.

"ரிஜிஸ்டர்ல மேல இருந்தா மேலதான்" என்றார். அவ்வளவுதான். அதற்குப்பிறகு வருஷக்கணக்கில் முதல் ஸ்பேர்.

இனி என் யோக்கியதை. பெஞ்சில் என்னைப்போல் முழங்கியவன் கிடையாது. "இது அக்கிரமம், நாமெல்லாம் மனுசங்களா மரக்கட்டைங்களா" என்று தினமும் பிரசங்கம் செய்வேன். உள்ளுக்குள் என் பிரார்த்தனையோ வேறு: ஆண்டவனே, தாசில்தார் வேறு வண்டியில் போன நாளில் சவரிமுத்துவுக்கு ஒரு தும்மல்கூட வராமல் காப்பாற்று. அவர் மனைவிகூட அவருடைய உடம்புக்காக அவ்வளவு வேண்டியிருக்க மாட்டாள்.

காரணம், மேலுமலை இறக்கம். கிருஷ்ணகிரி லைனில் அது ஒன்று உண்டு. நான் சமதரையில் வைக்கோல் லாரி ஓட்டிப் பழகியவன். ஒரே ஒரு தடவை ஸ்பேராக அந்த இறக்கத்தில் பஸ்ஸைக் கொண்டுபோனேன். கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபிறகும் பிரேக்கிலிருந்து என் கால் வரவில்லை. கண்டக்டர் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வெளியே வைத்தான். டியூட்டி வேண்டாம் என்று சொன்னால் பேரையே அடித்துவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் வீரமாகப் பேசிக்கொண்டு நடுங்கினேன்.

அப்போது ராயக்கோட்டை லைன் காலியானது. பழைய டிரைவர் கண் தெரியாமல் விலகிவிட்டார். முறைப்படி அது முதல் ஸ்பேருக்கு. திங்கட்கிழமை பத்து மணிக்கு முதலாளியே வந்து பெஞ்சில் பெர்மனென்ட் ஆர்டரைக் கொடுப்பார் என்று ரைட்டர் சொன்னார்.

"தாசில், அன்னிக்கு உமக்கு டியூட்டி போடல. ஆணி அடிச்ச மாதிரி ஒக்காந்திரும்."

திங்கட்கிழமை தாசில்தார் சலவைக் காக்கியில் வந்தார். மடிப்பு கலையக்கூடாது என்று முதுகைச் சாய்க்கவே இல்லை. ஆறரை மணிக்கு சவரிமுத்துவின் மைத்துனன் சைக்கிளில் வந்து, அவருக்கு நூற்றுமூன்று டிகிரி ஜுரம் என்று சொன்னான். நாங்கள் நம்பவில்லை. ரைட்டர் நம்பினார். முதல் ஸ்பேருக்கு அன்று டியூட்டி இல்லை, ஆகவே டியூட்டி ஷீட்டில் என் பேரை எழுதினார். கிருஷ்ணகிரி, ஏழு மணி.

நான் எழுந்தேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கிளப்பிவிட்டார்கள். வண்டி நடுங்கியது. நானும் நடுங்கினேன். யார் யாரை நடுங்க வைக்கிறோம் என்று தெரியவில்லை. பின்னால் தக்காளிக் கூடைகளோடு ஜனங்கள். ஏழு மணி ஆகிவிட்டது. என் கை கியரைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தது.

"என்னடா, ஜோசியம் பாக்கறியா?" தாசில்தார் பெஞ்சிலிருந்தே கேட்டார்.

"அண்ணே, என்னால முடியாது. நீங்க ஓட்டுங்க."

"நான் ஓட்டினா ஷீட்ல உன் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் வைக்கோல்தான்."

"அடிக்கட்டும்."

அவர் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். அது வாழ்த்து இல்லை. பிறகு பெஞ்சை விட்டு எழுந்து, நேரே வந்து, முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெஞ்சில் இருந்த மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள். ரைட்டர் ஜன்னல் வழியே, "தாசில், பத்து மணி" என்று கத்தினார்.

"தெரியும்" என்றார். "எடுடா வண்டியை."

சூளகிரி தாண்டினோம். மேலுமலை வந்ததும் நான் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"செகண்டுக்கு மாத்து. பிரேக்கை மிதிச்சுட்டே இருக்காத, தொட்டுத் தொட்டு விடு. ம். இப்பச் சொல்லு, கிருஷ்ணகிரிக்காரங்க ஏழு பேர்ல மொதல்ல சேர்ந்தவன் யாரு?"

"அண்ணே, இப்பப் போயா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"முனுசாமி."

"அடுத்து?"

"கோவிந்தன்."

"தப்பு. கோவிந்தனுக்கு மூணு நாள் முந்தி காதர். வருசம் முழுக்க என் பக்கத்துல ஒக்காந்து என்னத்தைக் கேட்ட நீ?"

திட்டு வாங்குவதில் மும்முரமாக இருந்ததால் வளைவு ஒன்று போனதே தெரியவில்லை. நாலாவது பேருக்கு ஒரு வளைவு, ஐந்தாவதுக்கு ஒன்று. ஏழாவது பேரை நான் சரியாகச் சொன்னபோது ரோடு சமதரையில் கிடந்தது. பின்னால் ஒரு கோழி கத்திற்று. வேறு சேதம் இல்லை.

கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் என் கால் தானாகவே பிரேக்கை விட்டு வந்தது. தாசில்தார் இறங்கி, குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். அவர் காலையில் தண்ணீர் குடித்து அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் ஓசூருக்குத் திரும்பினோம். முதலாளி சொன்னபடி பத்து மணிக்கு வந்திருக்கிறார். முதல் ஸ்பேர் பெஞ்சில் இல்லை. அவர் பேரை அடித்துக் கடைசியில் எழுதியாயிற்று. அடுத்தவன் நான், டியூட்டியில் இருந்ததால் ஆஜர் கணக்கு. ராயக்கோட்டை லைன் எனக்கு.

ரைட்டர் நீட்டிய ஆர்டரை நான் வாங்கவில்லை. "அண்ணே, இது உங்களோடது. எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடுத்தா எனக்கா வரும்? உனக்கும் இல்லாம அடுத்தவனுக்குப் போவும். நான் நாலாவது ஆளு." கொஞ்சம்கூட வருத்தம் இல்லாதவர்போல, சட்டம் சரியாக வேலை செய்வதில் திருப்திகூடத் தெரிய, ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்கான்."

பிறகு போய்ப் பெஞ்சின் கோடி முனையில் உட்கார்ந்தார். அந்த முனையில் வெயில். சலவைக் காக்கி மடிப்பு அப்போதும் கலையவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது எழுந்து நின்றார். "வாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை என்னை "டா" போடாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை அவர்.

"அண்ணே, செருப்பால வேணும்னா அடிங்க, இந்த வாங்க போங்க வேணாம்."

"ரிஜிஸ்டர்ல நீங்க மேல. அடிக்கறதுக்கு ரூல் இல்லைங்க."

அவர் மறுபடி முதல் ஸ்பேராக ஏறி வருவதற்குள் முதலாளி இன்னொரு கம்பெனியை வாங்கினார். இந்தத் தடவை பெஞ்சுக்கே ஐந்து அண்ணன்கள். தாசில்தார் அவர்களையும் மனப்பாடம் செய்தார். பெர்மனென்ட் மட்டும் ஆகவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. காய்ச்சலில் படுக்க ஆரம்பித்தேன். அவருக்கு மேலே உள்ளவர்களுக்கெல்லாம் டியூட்டி விழுந்து, பெஞ்சில் அவர் பேர் முதலில் நிற்கும் காலை எது என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குப் படுப்பேன். ராயக்கோட்டை வண்டியை அவர் ஓட்டுவார். அந்த லைன் அவருக்குக் கிடைத்ததெல்லாம் என் காய்ச்சல்களில்தான்.

ஆனால் அவர் லேசுப்பட்டவரா? டியூட்டி முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வருவார். என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அது பானைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடக்கும். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நிலவேம்பைக் காய்ச்சச் சொல்லி என் மனைவியிடம் கொடுப்பார்.

"குடிங்க" என்பார்.

"பரவாயில்லைண்ணே, இப்பத் தேவலை."

"முழுசும் குடிங்க. காய்ச்சல்னு லீவு எழுதியிருக்கீங்க."

டம்ளர் காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பொய்க் காய்ச்சலுக்கு அந்தக் கஷாயம் எவ்வளவு கசக்கும் என்பது ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் வாசல்படியில் நின்று திரும்பிப் பார்ப்பார். சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது படுத்துக்கொண்டுதான் இருந்தேன்.