அறுபத்து மூன்று கெளுத்திகளும் ஒரு வாளிப் பொறுப்பாளரும்

ஏதாவது நல்ல காரியம் செய்யலாம் என்ற எண்ணம் வந்தால் நான் இப்போதெல்லாம் உடனே எழுந்துவிடுவதில்லை. ஒரு சாயா குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் அந்த எண்ணம் தானாகப் போய்விடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இப்படி உட்கார்ந்திருந்தால், யாங்கோனில் என் பெயரில் ஒரு மீன் இருந்திருக்காது.

எங்கள் கடை யாங்கோனின் பசுந்தாங் பேட்டையில். வாளி, தொட்டி, முறம், மூடி போட்ட கண்ணாடிப் போத்தல், இப்படி வீட்டுக்குத் தேவையானதும் தேவையில்லாததும் விற்போம். கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு சின்ன ஓடை. பெரிய பசுந்தாங் ஓடையில் போய்ச் சேருகிற கிளை. என் சிறுவயதில் அதற்குப் பெயரே கிடையாது, மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற இடம், அவ்வளவுதான்.

அந்த ஓடையைத்தான் சயாமா சுத்தம் செய்துகொண்டிருந்தார். சயாமா என்றால் பர்மியில் டீச்சர். விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அறுபத்தைந்து வயது, எலும்பும் தோலுமான உடம்பு. அவரோடு பேட்டைக்காரர்கள் ஏழு பேர். ஞாயிறுதோறும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் குப்பை அள்ளினார்கள், கரையில் செடி நட்டார்கள், ஓடை வாயில் குப்பை ஏறாமலிருக்க மூங்கில் தட்டி கட்டினார்கள். ஒருநாள் எங்கள் கடைக்கு வாளி வாங்க வந்த சயாமா, வாளியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாளிப் பொறுப்பாளர் என்று பதவி கொடுத்தார்கள். வாளிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். (இரண்டு வருடத்தில் ஒரு வாளி கூடத் தொலையவில்லை. இந்தக் கட்டுரையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான்.)

இரண்டு வருடத்தில் தண்ணீர் தெளிந்தது. மீன் திரும்பி வந்தது. யாரும் கொண்டுவந்து விட்ட மீன் இல்லை, இந்த மண்ணின் மீன். பனையேறிக் கெண்டை, குரவை, சின்ன விரால். விரல் நீளத்தில் விலாவில் சிவப்புக் கோடு போட்ட ஒரு மீனையும் பார்த்ததாக சயாமா சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது பார்த்ததாம், பிறகு இந்தப் பக்கம் கிடையவே கிடையாதாம். ஒருதடவைதான் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு சேதி வந்தது. ஓடையைப் பெரிய சிமெண்டுக் குழாய்க்குள் அடைத்து மேலே மண் போட்டு மூடிவிடப் போகிறார்கள். செத்த சாக்கடைதானே என்று நகராட்சியில் முடிவெடுத்திருக்கிறார்கள். சயாமா நடையாய் நடந்து மனு மேல் மனு கொடுத்ததில், ஓர் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். ஓடைக்கு உயிர் இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் ஓடை பிழைக்கும், பார்க்காவிட்டால் குழாய்.

சனிக்கிழமை நான் ஓடைக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மீனும் தலை காட்டவில்லை. அது காட்டு மீனின் சுபாவம், ஆள் நிழல் பட்டாலே செடிக்குள் போய்விடும். எழுந்து கடைக்குத் திரும்பினேன்.

நான் கடைக்காரன். வாப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வியாபாரப் பாடம், சரக்கு உள்ளே மலையாகக் கிடந்தாலும் வாசலில் நாலு நல்ல வாளியை அடுக்காவிட்டால் ஒரு ஆளும் உள்ளே வரமாட்டான் என்பது. ஓடையில் சரக்கு இருக்கிறது, வாசலில் அடுக்கத்தான் ஆளில்லை என்று எனக்குத் தோன்றியது. இதை சயாமாவிடம் கேட்கலாம் என்றும் தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பார் என்றும் தோன்றியது. அதனால் கேட்கவில்லை.

ஞாயிறு சுபுஹு தொழுத கையோடு மீன் சந்தைக்குப் போனேன். அங்கே மா சூ என்ற பெண்மணி தொட்டி தொட்டியாக உயிர்மீன் வைத்திருப்பார். எங்கள் வாடிக்கைக்காரர். தொட்டிகள் எங்கள் கடைத் தொட்டிகள்.

"கறிக்கா, விடறதுக்கா?" என்று கேட்டார்.

யாங்கோனில் இது சாதாரணக் கேள்வி. பிறந்தநாள், விரத நாள் என்று வந்தால் பௌத்தர்கள் மீனை உயிரோடு வாங்கி நீரில் விட்டுப் புண்ணியம் தேடுவார்கள்.

"விடறதுக்குத்தான். நல்லா கண்ணுல படறமாதிரி இருக்கணும், அக்கா."

"அப்ப இதக் கொண்டுபோங்க, கோ யூசுப். சாகவே சாகாது. சேத்துல விட்டாலும் பொழச்சுக்கும்."

(கோ என்றால் பர்மியில் அண்ணன்.) தொட்டியைப் பார்த்தேன். முழங்கை நீளம், மீசை, கறுகறுவென்ற முதுகு. ஒவ்வொன்றும் ஒரு வீசைக்குக் குறையாது. அறுபது சொன்னேன். மூன்று சக்கர வண்டியில் நாற்பதுக்குத்தான் இடமிருந்தது. மிச்சம் இருபதைப் பின்னால் அனுப்புவதாகச் சொன்னார். அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு ஓடையில் ஆளில்லை. நாற்பதையும் மூங்கில் தட்டிக்கு உள்பக்கமாகக் கொட்டினேன், வெளியே ஓடிவிடக் கூடாதல்லவா. கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் நல்ல சட்டை போட்டுக்கொண்டேன்.

"கல்யாணத்துக்கா போற?" என்று உம்மா கேட்டார்.

"ஓடைக்கு, உம்மா."

"அதுக்கு எதுக்குடா அத்தரு?"

எட்டு மணிக்கு அதிகாரி வந்தார். குடை பிடிக்க ஒருவர், கோப்பு பிடிக்க ஒருவர். பேட்டைப் பெரியவர்களும் வந்தார்கள். சயாமா ஓடைக்கு முதுகைக் காட்டி நின்று பேசத் தொடங்கினார். (பேசியதெல்லாம் பர்மியில். தமிழில் தருகிறேன். பர்மியில் இன்னும் மரியாதையாக இருந்தது.)

"ஐயா, இந்த ஓடையோட சிறப்பே, இதுல வெளி மீன் ஒண்ணுகூடக் கெடையாது. குறிப்பா, பண்ணையில வளர்க்கற ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது எறங்கினா ஒரு மாசத்துல மத்த மீன் எல்லாத்தையும் தின்னுடும். ரெண்டு வருஷமா அது நுழையாம காவல் இருக்கோம்."

வாளிப் பொறுப்பாளருக்கு இந்தக் காவலைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில்லை. அவருக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு மீசை எழுந்தது. காற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. இந்த மீன் மூச்சு வாங்க மேலே வரும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கண்ணில் படுகிற மீன் கேட்டேன் அல்லவா, மா சூ ஏமாற்றவில்லை.

அதிகாரி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பரவால்லையே சயாமா, பெரிசு பெரிசா இருக்கே. இது என்ன மீன்?"

சயாமா திரும்பிப் பார்த்தார். ஆமாம், இதுதான் ஐயா நம்ம மீன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே கையெழுத்தாகியிருக்கும். ஆனால் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவர் அவர்.

"இது இங்க இருக்கக் கூடாத மீன், ஐயா."

கோப்பு பிடித்தவர் எழுதிக்கொண்டார்: 'இருக்கக் கூடாத மீன். இருக்கிறது.'

நான் வாளிகளை எண்ணுவதுபோல் நின்றேன். எட்டு வாளி. மறுபடியும் எட்டு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது ஒரு சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, வந்து நின்றது. அதிலிருந்து மா சூ இறங்கினார், பெரிய தொட்டியோடு.

"கோ யூசுப், மிச்ச இருபதும் கொண்டாந்துட்டேன். எம் பங்குக்கு மூணு சேத்திருக்கேன். அதுக்குப் பணம் வேண்டாம், புண்ணியத்துக்கு."

சயாமாவும் மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். மீசைகளும் பார்த்ததாக நினைவு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உயிரை விடுவிக்கிற காரியத்துக்குக் குறுக்கே கைநீட்டுவது எங்கள் ஊரில் ஆகாது. அப்படித் தடுத்த ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. மா சூ தொட்டியைக் கரைக்குத் தூக்கினார். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு தானும் தொட்டியில் ஒரு கை வைத்தார். புண்ணியத்தில் பங்கு கிடைக்கும்போது யார் விடுவார்கள்? குடைக்காரரும் குடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தார். பெரியவர்கள் கைகூப்பினார்கள். இருபத்து மூன்று கெளுத்திகள் ஓடைக்குள் போயின. எல்லோரும், நல்ல காரியம் என்று வாழ்த்தி, மூன்று தடவை "சாது" சொன்னார்கள். சயாமாவும் சொன்னார். வாய்ப்பழக்கம். நான் தலையைக் குனிந்து நின்றேன், பக்தி என்று அதிகாரி நினைத்திருப்பார்.

அவர் போகும்போது, ஒரு மாதத்தில் ஆதாரத்தோடு அறிக்கை கொடுங்கள், இல்லையென்றால் வேலை தொடங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சயாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கரையில் உட்கார்ந்து செருப்பிலிருந்த சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் எத்தனை?"

"அறுபத்து மூணு, சயாமா."

"எண்ணித்தான் விட்டீங்களா?"

"எண்ணித்தான்."

"நல்லது. எண்ணியே பிடிச்சிடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் அந்த அம்மாள் முழங்கால் சேற்றில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதை ஒரு காலையில் கெடுத்தது நான். அத்தர் வாசனையோடு வேறு.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலை வலை, தூண்டில், கூடை எல்லாவற்றோடும் ஓடையில் நின்றேன். மற்ற ஏழு பேரும் வந்தார்கள். திட்டிக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். வலையில் ஊர் மீன் விழுந்தால் திருப்பி விடுவோம். கெளுத்தி விழுந்தால் எங்கள் வீட்டுக்குப் போகும். முதல் நாள் ஐந்து. உம்மா குழம்பு வைத்தார். இரண்டாம் நாள் ஏழு. வறுத்தார். மூன்றாம் நாள் ஆறைக் கொண்டுபோனபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னும் எத்தனடா இருக்கு?"

"நாப்பத்தஞ்சு, உம்மா."

"யா அல்லா," என்று சொல்லி அரிவாள்மனையை எடுத்து உட்கார்ந்தார். முதல் மீனின் வயிற்றைக் கீறினவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். "யூசுபு, இங்க வா. இதுக்குள்ள இன்னொரு மீனு இருக்கு. முழுசா."

விரல் நீள மீன். விலாவில் சிவப்புக் கோடு.

அதை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு சயாமா வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். பசுந்தாங் சந்தை வழியாக, லுங்கியைப் பிடித்துக்கொண்டு, தட்டில் ஒரு செத்த மீனோடு. சயாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தொட்டுப் பார்த்தார்.

"நான் பாத்தேன்னு சொன்னேன்ல," என்றார், மெதுவாக.

அடுத்த நாளிலிருந்து சயாமா எங்கள் அடுப்படியில்தான் இருந்தார். உம்மா வயிற்றைக் கீறுவார், சயாமா இடுக்கியால் எடுப்பார், நான் போத்தலில் போட்டு ஸ்பிரிட் ஊற்றிச் சீட்டு ஒட்டுவேன். போத்தல் எங்கள் கடைப் போத்தல், பெரிய மூடி போட்டது. இரண்டு வருடம் கரையில் உட்கார்ந்து நாங்கள் பார்க்க முடியாத மீனையெல்லாம் அந்த மீசைக்காரர்கள் தேடிப் பிடித்துத் தின்றிருந்தார்கள். உம்மாவுக்கும் வேகம் வந்துவிட்டது. "இதுல ரெண்டு இருக்கும் பாருங்க, வயிறு சொல்லுது" என்று அறுக்கும் முன்பே சொல்வார், பெரும்பாலும் இருக்கும். மாதக் கடைசியில் வரிசையாகப் பதினொரு போத்தல், பதினொரு வகை. சிவப்புக் கோட்டு மீன்கள் நான்கு வலையில் உயிரோடும் வந்தன. சயாமா படம் எடுத்துத் திருப்பி விட்டார்.

அறிக்கையோடு போத்தல்களையும் அதிகாரியின் மேசையில் அடுக்கினோம். வாசலில் அடுக்கும் வரிசையில்தான் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில், "நான் கை வச்ச மீனும் இதுல எதையாவது தின்னிருக்குமா?" என்று கேட்டார். தின்றிருக்கலாம் என்று சயாமா பொய் சொல்லாமல் சொன்னார். அதிகாரி பேனாவை எடுத்து, குழாய் வேலையை நிறுத்திவைக்கும்படி எழுதினார். இன்றுவரை நின்றுதான் இருக்கிறது. ஓடை ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கெளுத்திக்கு எங்கள் பேட்டையில் இப்போது 'யூசுப் மீன்' என்று பெயர். சந்தையில் அப்படிக் கேட்டாலே மா சூ எடுத்துப் போடுவார். கறிக்கு மட்டும்தான் போடுவார். விடுவதற்கு என்றால், எந்த ஓடையில் என்று முதலில் கேட்கிறார். எனக்குப் பெண் பார்த்தபோது பெண்வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "மாப்புள அந்த மீனு விட்டவுகளா?" என்பதுதான். உம்மா இன்றைக்கும் மீன் அறுத்தால் என்னைக் கூப்பிடுவார். "யூசுபு, உள்ள யாரு இருக்கான்னு வந்து பாரு."

பிடித்தது அறுபத்தொன்று. நான் கணக்கு தப்பாத வாளிப் பொறுப்பாளர், எனக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு போய் உட்காருகிறேன். கடைக்கு யாராவது வந்து நான் எங்கே என்று கேட்டால், என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வாள்:

"அந்த ரெண்டு பேரத் தேடிப் போயிருக்காக."