ஹோஃப்ராட் அத்தையின் நாற்காலி

வியன்னா,
செவ்வாய்க்கிழமை

மேன்மைதங்கிய ஹோஃப்ராட் அம்மாள், எங்கள் அடெலிண்டே அத்தை அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு காயெத்தான் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்த தங்களைப் பார்த்து, என் வருங்கால மாப்பிள்ளை ஹென்னிங் "வணக்கம், திருமதி கோல்னர்" என்று வெறும் பெயரைச் சொன்னதும், தாங்கள் கேக்கில் குத்திய முள்கரண்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனதும், சனிக்கிழமை கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியதும் எங்களைத் தூங்கவிடவில்லை. பையன் ஹாம்பர்க்காரன். அங்கே யாருக்கும் பட்டம் சொல்லிப் பழக்கமில்லை. உட்காரவைத்து விளக்கினேன். "தம்பி, ஹோஃப்ராட்னா அரசவை ஆலோசகர். அத்தையோட வீட்டுக்காரர் வாங்கின பட்டம், அவங்களுக்கும் உண்டு." "அரசவை எங்க இருக்கு?" என்றான். "அது போய் நூறு வருஷம் ஆச்சுப்பா." "அப்ப யாருக்கு ஆலோசனை சொன்னாரு?" சமாளிக்கணுமேன்னு, "சந்தேகமா இருந்தா ஒருபடி உசத்தியே கூப்பிடு, நம்ம காபிக்கடை சர்வர் கண்ணாடி போட்டவனையெல்லாம் டாக்டர்ங்கிறான் பாரு"ன்னு சொல்லித்தொலைச்சேன். மறுநாளே டிராம் ஓட்டுறவர், புகைபோக்கி துடைக்கிறவர், கசாப்புக்கடைக்காரர் எல்லாரும் ஹோஃப்ராட் ஆயிட்டாங்க. கசாப்புக்கடைக்காரர் பெண்டாட்டி, "ஹோஃப்ராட் சம்சாரம் தராசு தொடலாமா?"ன்னு மாடியை விட்டு இறங்கவேயில்லையாம். ஈரல் வாங்கப்போன உங்க காதுல அது விழுந்து, கோபம் ரெண்டு மடங்காச்சுன்னும் கேள்விப்பட்டேன்.

அத்தை, ஞானஸ்நானத்தப்போ என் பொண்ணு வலேரியைக் கையில் ஏந்தினது நீங்க. நீங்க வராம கோயில் படி ஏறமாட்டேன்னு அழுதுக்கிட்டிருக்கா. விருந்து மேசையில் தலைமை நாற்காலி உங்களுக்குத்தான், சூப்பும் முதலில் உங்களுக்குத்தான். எந்தப் பதவிக்காரர் வந்தாலும் மாற்றமில்லை.

தங்கள் கரங்களை முத்தமிடும் மருமகன்,
காயெத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, பையனுக்கு இரண்டு டாக்டர் பட்டம்! "ஏன்டா சொல்லல?" என்றால், "நீங்க கேக்கலியே, மாமா" என்கிறான். கணவன் பட்டம் மனைவிக்கும் என்பது தங்கள் சட்டம்தானே? ஒரு பட்டத்தை விட இரண்டு பட்டம் உசத்தி; ஆக, சனிக்கிழமை முதல் நம் குடும்பத்தில் மேல்படி வலேரிதான், நான் தங்களுக்கு வாக்களித்த நாற்காலியும் அவளுக்குத்தான். பயந்துகொண்டே அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படின்னா இது மேலிடத்து உத்தரவுன்னு எழுதுங்கப்பா. அத்தை வரணும், அந்த நாற்காலியில அவங்கதான் உக்காரணும்" என்றாள்.