இசைத்தட்டுக்குச் சந்தனம் பூசியவன்

கையில் சந்தனக் கிண்ணம் இருக்கும்போது என்னை நம்பி எந்தப் பொருளையும் விட்டுவைக்கக் கூடாது. சரஸ்வதி பூசை வந்துவிட்டால் எங்கள் தாராவிக் கோலியில் (ஒற்றை அறைதான், அடுப்படி, பூசையறை, விருந்தாளி எல்லாம் அதற்குள்ளேயே) நான் பொட்டு வைக்காமல் விட்டது எதுவும் கிடையாது. அரிவாள்மனை, தையல் மிஷின், தண்ணீர் டிரம், பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிள். ஒரு வருஷம் தூங்கிக்கொண்டிருந்த விருந்தாளியின் நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டேன். எழுந்து கண்ணாடி பார்த்த மனுஷன் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நடுங்கிப் போனார்.

அப்படிப்பட்டவன் கையில்தான், அறுபதுகளின் கடைசியில், என் மச்சினன் ரமணியின் எதிர்காலம் வந்து மாட்டியது.

ரமணி என் மனைவி செண்பகத்தின் தம்பி. மாட்டுங்காவில் காலேஜ் முடித்துவிட்டு கித்தாரும் கையுமாகத் திரிந்தான். கூடவே மூன்று சிநேகிதர்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுச் செட்டு வைத்திருந்தார்கள். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர். என் எட்டாங்கிளாஸ் நாக்குக்கு அது வளையாததால் நான் "மச்சினன் செட்டு" என்றே சொல்லி வந்தேன். என்ன பாட்டு என்று கேட்டால் ராக் என்பான். டான்ஸ் ஆடுகிற ராக் இல்லையாம், உட்கார்ந்து கேட்கிற ராக்காம். (உட்கார்ந்து கேட்பதற்கு எதற்கு அத்தனை பெரிய டிரம் என்று நான் கேட்கவில்லை. மச்சினன் அல்லவா.)

என் மாமனாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. தீபாவளிக்குள் இந்தப் பாட்டுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்பூரில் சித்தப்பாவின் உரக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ரமணிக்குக் கெடு வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் செட்டுக்காரர்கள் எப்படியோ ஒரு ஸ்டூடியோவைப் பிடித்துத் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். மாதிரிக்கென்று ஒரே ஒரு தட்டு வெட்டிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், டேப்பை அழித்து அதில் ஒரு கல்யாண நாதசுரத்தைப் பதிந்துவிட்டார். ஆக, உலகத்தில் அந்த ஆல்பம் இருந்தது அந்தத் தட்டில் மட்டும்தான். தாதர் பார்சி காலனியில் குடியிருந்த ஒரு பாவாஜி (பார்சிப் பெரியவர்களை பம்பாயில் அப்படித்தான் சொல்வோம்) அதைக் கேட்க ஒப்புக்கொண்டிருந்தார். இசைத்தட்டுக் கம்பெனியில் பெரிய ஆள். அவர் சரி என்றால் தட்டு கடைக்கு வரும். இல்லையென்றால் நாக்பூர், யூரியா.

அப்பா கண்ணில் படக் கூடாது என்று தட்டை ரமணி அக்காவிடம் கொடுத்து வைத்தான். பத்திரமான இடம் என்று அவள் அதைச் சாமி அலமாரியில் வைத்தாள். மறுநாள் சரஸ்வதி பூசை. புத்தகங்களை அடுக்கும்போது தட்டு என் கண்ணில் பட்டது. என்ன இது என்றேன். தம்பி பாட்டு என்றாள். பாட்டு என்றால் சரஸ்வதிக்குச் சொந்தம். வீணையைப் பூசையில் வைக்கிறவர்கள் இதை வைக்காமல் இருப்பார்களா? உறையிலிருந்து எடுத்தேன். நல்ல கறுப்பு, எண்ணெய் தடவிய சிவலிங்கம் மாதிரி மினுமினுப்பு. பார்த்ததும் கை பரபரத்தது. மூன்று விரலையும் சந்தனத்தில் தோய்த்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பட்டை போட்டேன். நடுவில் குங்குமம். புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்து, செவ்வந்திப்பூ சாத்தி, கற்பூரம் காட்டினேன். அந்தத் தட்டுக்கு அவ்வளவு அழகான மரியாதை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

மத்தியானம் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்போது ரமணி ஓடி வந்தான். பாவாஜி மறுநாள் லண்டன் கிளம்புகிறாராம். கேட்டால் இன்றைக்குச் சாயங்காலம் கேட்பதுதானாம்.

"அத்தான், தட்டு எங்க?"

"அம்மைகிட்ட இருக்கு."

"எந்த அம்மை?"

"சரஸ்வதி. நாளைக்குக் காலையில மறுபூசை முடியட்டும், எடுத்துத் தாரேன்."

பூசையில் வைத்ததை மறுபூசைக்கு முன் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பேப்பர்கூடப் படிக்க மாட்டோம். ரமணிக்கும் இது தெரியும். அதனால் அவன் சண்டை போடவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், நாக்பூர்ல எனக்கு யாரையுமே தெரியாது" என்று மட்டும் சொன்னான்.

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஆனால் நானாக எடுக்க முடியுமா? அம்மனிடமே கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு. செண்பகம் கட்டிப் போட்டாள், நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை. (இரண்டிலுமே வெள்ளைதான் கட்டினாள் என்பது பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.)

அவசரமாக மறுபூசை செய்து, ஒரு வாழைப்பழம் படைத்து, தட்டை எடுத்தேன். சாமிக்கு வைத்த பொருளைக் கண்டபடி கொண்டுபோகக் கூடாது என்பதால் நானே வருவதாகச் சொல்லிவிட்டேன். தாம்பாளத்தில் வைத்து, மேலே என் பட்டுத் துண்டைப் போர்த்தி, செருப்பில்லாமல் நடந்தேன். அக்டோபர் வெயில். மாட்டுங்கா சர்க்கிளில் எதிரே வந்த ஒரு மராட்டிப் பெரியவர் நின்று தாம்பாளத்தைக் கும்பிட்டு, தாடையில் தட்டிக்கொண்டார். ரமணி பத்தடி தள்ளி, எனக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாதவன்போல நடந்து வந்தான்.

பாவாஜி வீட்டில் பெரிய கிராமபோன் பெட்டி, அதைவிடப் பெரிய நாய். வீட்டில் பூவுக்கு அடியில் மறைந்திருந்த சந்தனத்தை, துண்டை விலக்கியபோதுதான் ரமணி பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியாது.

"என்ன அத்தான் செஞ்சு வச்சிருக்கீய?"

"மங்களமா இருக்கட்டும்னு லேசாத்தான் டே பூசினேன்."

கைக்குட்டையால் துடைத்தான். மேலே இருந்தது வந்தது. தட்டின் கோடுகளுக்குள் போய்க் காய்ந்தது வருமா? பாவாஜியோ அது எங்கள் சம்பிரதாயம் என்று நினைத்து, மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிச் சுழலவிட்டார்.

முதலில் சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் வந்து நிற்கிற சத்தம். பிறகு யாரோ குழாயைத் திறக்கிறார்கள். பிறகு ரமணி பாடினான், அல்லது புலம்பினான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது கித்தார் ஒரு சின்ன வளைவுக்கு வந்தது. அங்கே ஊசி சந்தனத்தில் இடித்தது. வந்த வழியே திரும்பியது. மறுபடியும் அதே வளைவு. மறுபடியும் இடி. மறுபடியும்.

ரமணி பாய்ந்து எழுந்தான். பாவாஜி கண்ணை மூடியபடியே கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

எனக்கோ அந்த இடத்தில்தான் பாட்டு புரிந்தது. அதுவரை ஊர் சுற்றிக்கொண்டிருந்த பாட்டு ஒரு சன்னிதியில் போய் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. முருகா, முருகா என்று ஒரே பேரைச் சொல்லச் சொல்ல மனசு எப்படி அடங்கும், அப்படி அடங்கியது. என்னை அறியாமல் தொடையில் தாளம் போட்டேன். கண்ணில் நீர் வழிந்தது. நாய் வந்து என் பாதத்தில் தலையை வைத்துக்கொண்டது. பாவாஜியின் டீயில் ஆடை கட்டிவிட்டது.

கடைசியில் அவர் ஊசியைத் தூக்கிவிட்டு, எப்படி இருந்தது என்று இந்தியில் என்னிடம் கேட்டார். கடவுள் பேரைச் சொல்வதுபோல் இருந்தது சாப் என்றேன், எனக்குத் தெரிந்த தாராவி இந்தியில். ரமணியிடம், இந்த இடம் யாருடைய யோசனை என்றார். அவன் தன்னுடையது என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, இது எங்கள் பாட்டே இல்லை, என் அத்தான் பூசின சந்தனம் என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

பாவாஜி சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது. பிறகு மீதியையும் கேட்டார். மற்றதெல்லாம் வெள்ளைக்காரப் பையன்கள் செய்கிறதுதான், இது ஒன்றுதான் உங்களுடையது, இதையும் சேர்த்து மறுபடி வாசியுங்கள், நான் தட்டாகப் போடுகிறேன் என்றார்.

அதே இடத்தை ஊசி மாதிரியே திரும்பத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று பையன்களுக்குத் தெரியவில்லை. ஸ்டூடியோவில் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்து, மனசு நிறைந்ததும் கையைத் தூக்கினேன். நிறுத்தினார்கள். (என் சங்கீத வாழ்க்கை அவ்வளவுதான்.)

கம்பெனி பேரைக் கேட்டதும் மாமனார் தீபாவளிக் கெடுவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். தட்டு கடைக்கு வந்தது. வாங்கினவர்கள் எல்லாரும் கீறல் விழுந்த தட்டு என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டார்கள். என் மாமனார் கடைசியாக மனமிரங்கி மகனின் பாட்டைக் கேட்க உட்கார்ந்தார். அந்த இடம் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். பாட்டு நகரவில்லை. இன்னொரு தட்டு, பலமாக. தற்செயலாக அப்போதுதான் தட்டில் என் கை உயர்ந்த இடம் வந்தது, பாட்டு நகர்ந்தது. "இதைக்கூட நான்தான் சரிபண்ண வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்பூருக்கு டிக்கெட் எடுக்கப் போய்விட்டார்.

ரமணி உரக்கடையில்தான் முடி நரைத்தான். என் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஆற்றாமை. அப்படி ஒரு பாட்டை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யாராவது சொன்னதையே திரும்பச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து முதுகில் ஒரு தட்டு தட்டுவார். வயதான பிறகு அதிகமாக அடி வாங்குகிறவன் நான்தான். பேரன் பேத்திகள் முறை போட்டுத் தட்டுகிறார்கள். காலையில் பூசையில் உட்கார்ந்து முருகா, முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இத்தனை வருஷமாக அவன் மட்டும் எழுந்து வந்து தட்டவில்லை.