ஜவ்வாது மலைக்கு ஒரு கடல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் கடல் வாத்தியார்தான். எழுதியவர்கள் படித்ததில்லை, அச்சடித்தவர்கள் படித்ததில்லை. நடத்துகிற நாங்களோ நான்காம் யூனிட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். இவர் மட்டும் கமா, முற்றுப்புள்ளி விடாமல் படிப்பார். படித்ததோடு விட்டால் பரவாயில்லை, படித்ததைப் பற்றிக் கேள்வியும் கேட்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. தாவரவியல் பேராசிரியருக்குக் கடல் வாத்தியார் என்று பெயர் வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பான கதைதான். ஆனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது சூடாகிவிடும்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கல்லூரியில் ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்தத் துறைக்கான பாடத்திட்டக் குழு கூடும். அதற்கு மேலே நிலைக்குழு. அதற்கும் மேலே துணைவேந்தர் தலைமையில் கல்விப் பேரவை. மேலே இரண்டு குழு பார்க்கப்போகிறதே என்ற தைரியத்தில் முதல் குழு கையெழுத்துப் போடும். கீழே நிபுணர்கள் பார்த்திருப்பார்கள் என்று நிலைக்குழு போடும். இரண்டு பேர் பார்த்த பிறகு நாம் பார்த்தால் அவர்களை அவமதித்த மாதிரி ஆகிவிடும் என்று பேரவை போடும். இப்படி எல்லோரும் எல்லோரையும் நம்புவதற்குத்தான் ஒப்புதல் என்று பெயர்.

இந்த நம்பிக்கைக்கு நடுவில்தான் நம்மவர் வந்து உட்காருவார். மற்றவர்களுக்கெல்லாம் ஜவ்வாது மலைக் கல்லூரிக்கு மாற்றல் என்றால் தண்டனை. இவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர். ஊர் மலையடிவாரத்துக் கணியம்பாடி. மலையில் குளிருக்குப் போட்ட குரங்குக் குல்லாவைக் கழற்ற மறந்து, சித்திரை வெயிலில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்து வருவார். காவலாளி அவரை நிறுத்தி விசாரிக்காத கூட்டமே கிடையாது.

நான் பாடத்திட்டக் குழுவின் செயலாளர். தீர்மானங்களை எழுதுவது என் வேலை. என் துரதிர்ஷ்டம், அவர் நாற்காலி எப்போதும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும். எப்போதாவது துணைவேந்தர் எங்கள் கூட்டத்தை எட்டிப் பார்க்க வந்தால் நாங்களெல்லாம் எழுந்து மௌனமாக வணங்குவோம். இவர் மட்டும், "இன்னாங்க, வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். நான் மேசைக்கடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

எங்கள் கூட்டங்களில் கையெழுத்துத் தாளும் முந்திரி பிஸ்கட் தட்டும் ஒன்றாகத்தான் வரும். அது தற்செயல் இல்லை என்பது அவருடைய கட்சி. வாயில் பிஸ்கட் இருக்கும்போது மனிதனால் கேள்வி கேட்க முடியாது என்று விளக்குவார். அதனால் வாசித்து முடிக்கும் வரை தொடமாட்டார். மத்தியானம் சாமைச்சோறு நிரம்பிய தூக்கைத் திறந்து, மாநிலத்தின் பெரிய பெரிய நிபுணர்களுக்கு நடுவே புளிக்குழம்பைப் பிசைவார். வாசனை அறை முழுக்கப் பரவும். எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

புதிய பாடத்தில் துணைநூல் பட்டியல் என்று ஒன்று போடுவோம். அதில் இவருக்கு ஒரு வியாதி. ஒவ்வொரு நூலாகக் கையை வைத்து, "இந்தப் புஸ்தகத்த நீங்க கண்ணால பாத்திருக்கீங்களாங்க?" என்று சேர்த்தவரிடமே கேட்பார். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், தானே எழுதியதாகப் போட்டிருந்த புத்தகத்தையே பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அது இன்னும் எழுதப்படவில்லையாம்.

அதைவிட மோசம் ஐந்தாம் யூனிட். எல்லாப் பாடத்திலும் ஐந்து யூனிட் உண்டு, ஐந்தாவதை யாரும் நடத்துவதில்லை என்பது தமிழ்நாடே அறிந்த ரகசியம். இவர் நடுக்கூட்டத்தில் எழுந்து, நடத்துகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஒரு கை எழவில்லை. அதற்கு நியாயம் செய்ய வேண்டுமென்று இவர் தன் வகுப்பில் ஐந்தாம் யூனிட்டிலிருந்து ஆரம்பித்தார். விளைவு, அவருடைய மாணவர்களுக்கு முதல் யூனிட் தெரியாது. அதையும் அவரே அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னார்.

இப்படிப்பட்டவரை எப்படிச் சமாளிப்பது? எங்கள் குழுத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இவர் எதையாவது சொன்னதும் தலைவர் மிகுந்த மரியாதையோடு, "சார் சொன்னத நோட் பண்ணிக்கங்க மேடம்" என்பார். நானும் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதுவேன். எங்கள் அலுவலகத்தில் குறித்துக்கொள்ளப்பட்ட எதுவும் அதன் பிறகு உயிரோடு எழுந்து வந்ததில்லை.

மலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு களப்பணித் தாள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது இந்தச் சமயத்தில்தான். நேரமில்லை. எங்கள் உறுப்பினர் ஒருவர் அவசரமாகத் தயாரித்துக் கொண்டுவந்தார். அட்டையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் முத்திரை பளபளத்தது. உள்ளே படித்துக்கொண்டே போன நம்மவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். மாணவர்கள் அருகிலுள்ள கடற்கரைக்குச் சென்று, அலை உள்வாங்கும் நேரத்தில் கடற்பாசிகளைச் சேகரித்து, உலர்த்தி, ஒட்டிச் சமர்ப்பிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்தை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"ஜவ்வாது மலைல ஏதுங்க கடலு?" என்றார் இவர்.

அதற்குள் பிஸ்கட் வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அவர் எழுப்பிய ஆட்சேபணைகளில் அது எத்தனையாவதோ, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார். நானும் குறித்துக்கொண்டேன். தாள் நிலைக்குழுவுக்குப் போனது, பேரவைக்குப் போனது, எல்லா இடத்திலும் எல்லோரும் எல்லோரையும் நம்பினார்கள். புத்தகமாக அச்சாகி மலை ஏறியது.

அச்சானதும் அவர் குதிப்பார் என்று பயந்தேன். மாறாக, மிகவும் பவ்யமாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பேரவை ஒப்புதல் தந்த கடல் எங்கள் கல்லூரிக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிவித்தால் பிள்ளைகளை அழைத்துப் போக வசதியாக இருக்கும் என்றார். ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தை உள்ளபடியே பின்பற்றவும் என்று பதில் வந்தது. சரி, சென்னைக்கே கூட்டிப் போகிறேன், அனுமதி கொடுங்கள் என்றார். பெண் பிள்ளைகளை நீர்நிலைகளுக்கு அழைத்துச் செல்ல அனுமதியில்லை என்று அதே அலுவலகத்தின் அடுத்த மேசையிலிருந்து பதில் வந்தது.

நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மலையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தாளில் தேறாமல் பட்டம் கிடையாது. இறுதியாண்டில் அலமேலு என்று ஒரு பெண். மலையில் சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். ஆசிரியர் பயிற்சிக்கு வேலூரில் இடம் கிடைத்திருந்தது. இந்த வருடம் பட்டம் வாங்கினால் வேலூர், இல்லையென்றால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அவள் இவரிடம் வந்து, "ஏரி கீது சார், அது ஆவாதா?" என்று கேட்டாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிப்பு மூட்டத்தான் பார்த்தார்.

அது புளி உலுக்குகிற பருவம். பிள்ளைகள் பாதிப் பேர் மரத்தடியில்தான் இருந்தார்கள். இவர் அங்கேயே போனார். எந்த மரம் எப்போது பூத்தது, எந்த வண்டு வந்தது, ஒரு வருடம் காய்த்த மரம் மறு வருடம் ஏன் ஓய்கிறது என்று அவர்களையே எழுத வைத்தார். கடற்பாசிக்குப் பதிலாகப் புளியமரம் என்று ஒரு திருத்தம் தயாரித்து, கல்விப் பேரவையில் அவசரப் பொருளாக வைக்கச் சொன்னார். மூத்த பேராசிரியர் என்ற முறையில் பேரவையில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. தாவரவியல் சம்பந்தப்பட்டது என்பதால் எங்கள் தலைவரையும், தாளைத் தயாரித்த உறுப்பினரையும், எழுத என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

திருத்தத்தை யாரும் எதிர்க்கவில்லை. நல்ல யோசனை என்றே எல்லோரும் பாராட்டினார்கள். சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. ஒப்புதலான பாடத்தை மாற்ற வேண்டுமானால், மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் தீர்மானம் செல்லாது. நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காரணம் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆனால் வேறொருவர் பாடத்தைப் பார்த்து எழுதினோம், மூன்று குழுவில் ஒருவரும் படிக்கவில்லை என்று எப்படி எழுதுவது? தயாரித்த உறுப்பினர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாமே என்றார் பதிவாளர். அடுத்த கூட்டம் தேர்வு முடிவுகளெல்லாம் வந்த பிறகு. அதற்குள் அலமேலுவுக்குப் பத்திரிகை அடித்திருப்பார்கள்.

அப்போது பக்கத்து நாற்காலி அசைந்தது.

"எம்மேல போட்டுடுங்க" என்றார்.

பதிவாளருக்குப் புரியவில்லை. இவரே விளக்கினார். பாடம் நடத்துகிறவன் நான், தட்டச்சுக்குக் கொடுக்கும்போது வேறு எங்கிருந்தோ ஒரு பக்கம் தவறுதலாகக் கலந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளட்டும் என்றார். அந்த அறையில் அதைச் செய்திருக்கவே முடியாத ஒரே ஆள் அவர்தான். அதுவும் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும், மூடிய அறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "எழுதும்மா. புள்ளைங்க பாவம்" என்றார். எழுதினேன்.

ஆட்சேபணை உண்டா என்று துணைவேந்தர் சம்பிரதாயமாகக் கேட்டார். பழக்கதோஷத்தில் எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பியது. "இல்லீங்க" என்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

அலமேலு தேறினாள், வேலூருக்குப் போனாள். இவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மெமோவில் இருந்த பிழைகளைச் சிவப்பில் திருத்தி, விளக்கத்தோடு சேர்த்து அனுப்பினார். குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஜவ்வாது மலையில் கடல் இருப்பதாக எழுதியவர் என்று ஊரெல்லாம் பேச்சு. கடல் வாத்தியார் என்ற பெயர் அப்போதுதான் வந்தது. கையெழுத்துப் போட்டவர்களே முதலில் கூப்பிட்டார்கள். வராந்தாவில் பார்த்தால் ஒரு பிரிவு அலுவலர்கூட, "என்ன சார், மலைல இன்னிக்கு அலை எப்படி?" என்பார். இவர் நின்று, கொஞ்சம் யோசித்து, "இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதாங்க" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு கணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். எங்கள் இருவருக்கும் சாப்பாடு போட்டார். நான் கை கழுவும்போது பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி, "இவரு பண்ண தப்பால உங்களுக்கெல்லாம் எவ்ளோ அசிங்கமா போயிருக்கும். மனசுல வெச்சிக்காதீங்க மேடம்" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். வீட்டில்கூட அவர் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாதே என்று எனக்குத் தலையை ஆட்டினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நான் குறித்துக்கொள்ளவில்லை. ஈரக்கையோடு அந்த அம்மாவின் கையைப் பிடித்து, அவர் செய்யவில்லை, நாங்கள்தான் செய்தோம், அவர் ஒருவர்தான் வேண்டாம் என்றார் என்று சொன்னேன்.

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"மினிட்ஸ்ல ஏறிடுச்சிம்மா" என்றார் இவர், பிடிபட்டவர் முகத்தோடு. "இனிமே அதான் நெஜம். மாத்தணும்னா கீழேர்ந்து மேல வரைக்கும் மறுபடி போய்ட்டு வரணும்."

அந்த அம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவரை மறுபடி தட்டின் முன் உட்கார வைத்து, உள்ளே போய் இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து போட்டார்.

எங்கள் கூட்டங்கள் இப்போதெல்லாம் டீ வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. எல்லோரும் எழுந்து போன பிறகும், காலியாக இருக்கும் அந்தப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.