ஏணியண்ணையும் பக்கத்துக் கடைச் சாமானும்

டென்மார்க் அரசியலை ஏணியில் ஏறிக் கற்ற தமிழர் ஒரே ஒருவர்தான். இக்காஸ்ட் என்ற சிறு நகரில் எங்களோடு தையல் ஆலையில் வேலை செய்தவர். தேர்தல் வந்தால் போதும், தான் சேர்ந்திருந்த பெரிய கட்சியின் வேட்பாளர் படங்களைத் தெருவிளக்குக் கம்பங்களில் கட்ட ஏணியோடு புறப்பட்டுவிடுவார். மழையோ, பனியோ, வீட்டில் விழும் ஏச்சோ அவரைத் தடுத்ததில்லை. சொந்தப் பெயர் மறைந்து ஏணியண்ணை ஆனார்.

அந்தக் கட்சி முன்பு எங்களை வரவேற்ற கட்சி. வெளிநாட்டவரை எதிர்க்கும் இன்னொரு கட்சிக்கு வோட்டுக் கூடக் கூட, தேர்தலுக்குத் தேர்தல் இதன் பேச்சிலும் வெளிநாட்டவர் மீதான கண்டிப்பு கூடிக்கொண்டே போனது.

"ஏனண்ணை இப்பிடி மாறீட்டினம்?" என்று கேட்டேன்.

"சனம் பக்கத்துக் கடைக்குப் போனால் முதலாளி என்னடா செய்வான்? அந்தச் சாமானைத் தானும் வாங்கிப் போடுவான். வோட்டும் வியாபாரம்தான்."

"அந்தச் சாமான் எங்களுக்கு எதிரானதெல்லோ?"

"உனக்கு விசரோடா? அது சும்மா இருந்து அரசாங்கக் காசு எடுக்கிறவைக்கு. நாங்கள் வேலைக்குப் போறம், வரி கட்டுறம்."

நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒருமுறை கட்சிக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். வெளிநாட்டவர் தங்கள் முதிய பெற்றோரை இங்கே அழைக்கும் வழியை அடைத்த சட்டம் சரியா என்று விவாதம். டேனிஷ்காரரே கோப்பியைக் கிளறியபடி தயங்க, முதலில் உயர்ந்தது எங்கள் ஆளின் கை. "சரிதான். இன்னும் இறுக்கவேணும்" என்று தனக்குத் தெரிந்த டேனிஷில் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது. அவரோ இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஊரில் போர் முடிந்தது. அவருடைய அம்மா வவுனியா அகதி முகாமில் தனியாக இருந்தார். ஏணியண்ணை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, என் காரில் கட்சிக் கிளைத் தலைவரின் வீட்டுக்குப் புறப்பட்டார். "எனக்கொரு வழி விடாமல் இருப்பினமே? எவ்வளவு கம்பம் ஏறினனான்" என்றார் வழியெல்லாம்.

தலைவர் நல்ல மனிதர். கோப்பி ஊற்றித் தந்தார். அம்மாவுக்காக உண்மையாகவே வருந்தினார். பின் மெதுவாகச் சொன்னார்: "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். நீங்களும்தானே கை தூக்கினீர்கள்."

ஏணியண்ணை நன்றி சொல்லி எழுந்தார்.

திரும்பும் வழியில் முகாமில் யாரோ ஒருவரின் போனிலிருந்து அம்மா அழைத்தார். "எப்ப மோனை என்னைக் கூப்பிடுறாய்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"இஞ்ச சரியான குளிரம்மா" என்றார் அவர். "உங்களுக்கு ஒத்துவராது."

போனை வைத்தபின் டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, "வெக்கமாக் கிடக்கடா" என்றார். எனக்கும்தான். அவரைத் தனியே இறக்கிவிட மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போனேன்.