காட்டூர் கவலைக்கிடம்

பக்கத்து அறையில் குழந்தை கத்தினால் பயமில்லை, சத்தமே வராவிட்டால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பார்கள் பிள்ளை வளர்த்தவர்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவர்களுக்கும் அதே விதிதான். அது எனக்குப் புரிவதற்குள் என் சொந்தக்காரர்கள் ஒப்பாரிக்குத் தயாராகிவிட்டார்கள்.

திருச்சி வட்டாரத்தில் பல கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. தலைமை அலுவலகம் ஸ்ரீரங்கத்தில். எந்தக் கிளையில் நெட் போனாலும் கண்காணிப்பு மென்பொருள் என்னைப் போனில் கூப்பிடும். காவிரிப் பாலத்தில் பைக் ஓட்டும்போது கூப்பிடும். ஞாயிறு பூசையில் முழங்காலில் நிற்கும்போது கூப்பிடும். ("பேய் பிடிச்சவங்களே வெள்ளிக்கிழமைதான் ஆடுவாங்க, உங்களுக்குத் தினமும்" என்பாள் என் மனைவி ரெஜினா.)

அப்போதுதான் அந்த மென்பொருளில் ஏ.ஐ. ஏஜென்ட் வந்தது. வாயால் சொன்னால் செட்டிங்கை அதுவே மாற்றிவிடும். "எல்லா அலர்ட்டும் எனக்கே வருது. இனிமே அந்தந்தக் கிளைக்கு அந்தந்த ஊர்க்காரங்களைக் கூப்பிடு. எடுக்கலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிடு. நம்பரெல்லாம் என் போன்ல இருக்கு. தமிழ்லயே பேசு" என்றேன். அது நீளமாக ஏதோ எழுதிக் காட்டி, 'மாற்றலாமா?' என்று பணிவாகக் கேட்டது. படிக்காமலே 'சரி' என்று அழுத்தினேன்.

மறுநாள் போன் வாயே திறக்கவில்லை. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு இருப்புக் கொள்ளவில்லை. ஒலி குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைத்துப் போட்டேன். ஆபீஸ் போனிலிருந்து என்னை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். சட்டைப் பை அதிர்வதுபோல இருக்கும், எடுத்தால் ஒன்றுமிருக்காது. எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

மேனேஜர் கிரிஜா மேடம் நிமிர்ந்தார். "ஏன் சார் பிரகாரம் சுத்துறீங்க? உட்காருங்க."

"ஒரு போன்கூட வரலை மேடம்."

"வரலைன்னா நல்லதுதானே?"

அந்த நேரம் பார்த்து வந்தது. மென்பொருள் இல்லை, உறையூர்ப் பெரியப்பா.

"டேய் சார்லஸ், ஸ்டெல்லாவுக்கு என்னடா ஆச்சு?"

ஸ்டெல்லா என் அத்தை, பெரியப்பாவின் தங்கை. இருப்பது காட்டூரில். "அத்தைக்கு என்ன?" என்றேன்.

"என்னையே கேக்குறியா? ஒரு பொம்பளை போன் பண்ணி, 'காட்டூர் பதில் இல்லை. நிலைமை கவலைக்கிடம். உடனே நேரில் செல்லவும்'ங்கிறா. நான் கத்துறேன், காதிலயே வாங்காம 'ஏற்றுக்கொள்ள ஒன்றை அழுத்தவும்'ங்கிறா. எப்படிடா ஏத்துக்க முடியும்? கூடப் பொறந்தவடா! வையம்பட்டித் தம்பிக்கும் போன் போயிருக்கு. வேன் எடுத்துட்டுக் கிளம்பி, திருச்சிகிட்ட வந்துட்டான்."

லேப்டாப்பைத் திறந்ததும் புரிந்துவிட்டது. கிளை ஊழியர்களை நான் அவரவர் பெயரில் சேமித்திருந்தேன். ஊர்ப் பெயர் போட்டுச் சேமித்திருந்தது சொந்தக்காரர்களை மட்டும்தான்: காட்டூர் அத்தை, உறையூர் பெரியப்பா, வையம்பட்டி சித்தப்பா. மூன்று ஊரிலும் எங்களுக்குக் கிளை உண்டு. ஏஜென்ட் தன் கடமையைச் செய்திருந்தது. காட்டூர்க் கிளையில் நெட் போனதும் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறது. அத்தை எடுக்காததால் மற்ற இருவரையும்.

தெரிந்தும் என்ன? நான் கூப்பிட்டபோதும் அத்தை எடுக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே... பைக்கை எடுத்தேன். பால்பண்ணை சிக்னலில் பச்சை விழுவதற்குள் அத்தைக்காக ஒரு முழுச் செபமாலையே சொல்லி முடித்திருப்பேன்.

காட்டூர் வீடு பூட்டியிருந்தது. வாசலில் வேன். பெரியப்பா கையில் ரோஜா மாலை. ("எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கினேன்டா.") வையம்பட்டிச் சித்தி கண்ணை மூடிக்கொண்டு ராகமாக அழுதுகொண்டிருந்தார். அப்போது கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து, போனைச் சைலண்டில் போட்டிருந்த ஸ்டெல்லா அத்தை நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் விவரம் கேட்காமலே "ஐயோ!" என்று ஓடி வந்து சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"யாருக்குடி என்ன ஆச்சு?"

"நம்ம ஸ்டெல்லா போயிட்டாளாம்க்கா!" என்ற சித்தி, கண்ணைத் திறந்தார். பிறகு எழுந்த அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

நான் உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் கிரிஜா மேடத்தின் போன். "சார், காட்டூர்ல காலையிலேருந்து நெட் இல்லையாம். ரிப்போர்ட் வாங்க வந்தவங்க சண்டை போடுறாங்க. உங்களுக்கு அலர்ட் வரலையா?"

வந்தது, இதோ மாலையோடு நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

கிளை பக்கத்துத் தெருதான். "நீங்க வீட்டுல இருங்க" என்றேன். சித்தப்பா மறுத்துவிட்டார். "வேன் பிடிச்சு வந்திருக்கோம். கவலைக்கிடமா இருக்கிறது எதுன்னு பார்த்துட்டுத்தான் போவோம்."

எல்லோருமாகப் போனோம். யாரோ தன் போனுக்குச் சார்ஜ் போட ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். நான் செருகினேன், விளக்கு எரிந்தது. சித்தி குனிந்து பார்த்தார். "இந்த டப்பாவுக்காடா நான் தொண்டை கட்ட அழுதேன்?"

இப்போது ஏஜென்ட் எதை மாற்றினாலும் கிரிஜா மேடம் வரிக்கு வரி படித்த பிறகுதான் 'சரி'. அந்தப் பட்டனை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். குடும்பத்தில் அப்படி எதையும் பிடுங்க முடியவில்லை. போன மாதம் ஸ்டெல்லா அத்தை மகளின் கல்யாணம். பீடத்தின் முன்னால் சாமியார், "இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். பெண் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து பெரியப்பாவின் குரல்: "ஒன்றை அழுத்தும்மா!"

மொத்தக் கோயிலும் திரும்பியது. பெரியப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.